மட்டிப்பழமும் கிராம்பும்: வீட்டுக் கோதுமை பீருக்கு நான்கு ஈஸ்ட்கள்

ஒரே நாளில் ஒரே பானையில் காய்ச்சிய 20 லிட்டர் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த தானியம்) சாற்றை நான்கு சம பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் ஒவ்வொரு ஈஸ்ட்டை இட்டு, ஏழு வாரங்கள் கழித்து நான்கையும் அருகருகே வைத்துச் சுவைத்துப் பார்த்ததன் முடிவுகளை இங்கே எழுதுகிறேன். காய்ச்சியது ஜெர்மனியில், மியூனிக் நகருக்கு அருகே நான் குடியிருக்கும் வீட்டின் நிலவறையில். சுவைத்தது கன்னியாகுமரி மாவட்டத்தில், கீரிப்பாறைக்குப் போகும் வழியிலுள்ள தடிக்காரன்கோணத்தில், பெரியப்பா வீட்டு முன்னறையில். இவ்வளவு தூரம் கொண்டுவந்து சுவைத்ததற்குக் காரணம் உண்டு. பவேரியக் கோதுமை பீரை விவரிக்கிறவர்கள் எல்லாரும் தவறாமல் சொல்லும் மணங்கள் இரண்டு: வாழைப்பழம், கிராம்பு. இந்த இரண்டையும் தோட்டத்திலேயே அறிந்த மூக்குகள் எங்கள் குடும்பத்தில் இருக்கின்றன.

வெளியூர் வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். மாறாமலை, வீரப்புலி, மகேந்திரகிரி மலைப்பகுதிகளில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு உண்டு. இந்தியாவில் விளையும் கிராம்பில் பெரும் பங்கு இந்த மலைகளிலிருந்து இறங்கி வருவதுதான். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் விளையும் மட்டிப்பழம் என்னும் வாழைப்பழ வகைக்கு 2023-ஆம் ஆண்டில் அதே குறியீடு கிடைத்தது. விரல் நீளமே உள்ள, குழந்தைக்கு முதன்முதலில் ஊட்டுகிற, தோலை உரிக்கும் முன்பே மணம் அறையை நிறைக்கிற பழம் அது. பெரியப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பறித்த மொட்டைக் காம்பிலிருந்து பிரித்து, பாயில் காயவைத்து, தரம் பார்த்தவர். அத்தான் திருவட்டாறு பக்கத்தில் வாழை பயிரிடுகிறார். குலையைத் தொடாமலேயே எந்த வாழை, எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்லிவிடுவார். கோதுமை பீரை எடைபோட இவர்களைவிடத் தகுந்த இருவரை நான் எங்கே தேடுவது?

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் முயல வேண்டாம். ஜெர்மனியில் ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக, விற்பனை செய்யாமல், ஆண்டுக்கு 500 லிட்டர் வரை வரியின்றிக் காய்ச்சிக்கொள்ளலாம். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழ்ந்துகொண்டு, முதல் கோதுமை பீருக்கு எந்த ஈஸ்ட்டை வாங்குவது என்று தயங்கி நிற்கும் நம்மவர்களுக்காகவே இந்த மதிப்புரை.

மற்றப் பல பீர்களில் ஈஸ்ட் சர்க்கரையை மதுவாக மாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மணத்தைத் தருவது மால்ட்டும் ஹாப்ஸும் (கசப்புக்குச் சேர்க்கும் ஒரு கொடியின் பூ). பவேரியக் கோதுமை பீரில் அப்படி இல்லை. மால்ட்டில் பாதியாவது கோதுமையாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆனால் அந்தக் கோதுமையிலிருந்து வாழைப்பழ மணம் வருவதில்லை, ஹாப்ஸிலிருந்து கிராம்பு மணம் வருவதில்லை. இரண்டும் ஈஸ்ட்டின் வேலை. 1516-ஆம் ஆண்டின் பவேரியத் தூய்மைச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டும் குறிப்பிட்டு ஈஸ்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று அது என்னவென்றே யாருக்கும் தெரியாது. அந்தச் சட்டத்தில் பெயர் பெறாத ஈஸ்ட்தான் இந்த பீரின் தன்மையை முழுவதுமாக முடிவுசெய்கிறது. ஆகவே மால்ட் வகையையும் ஹாப்ஸ் வகையையும் பற்றி நாள்கணக்கில் யோசித்துவிட்டு, கடைசியில் கைக்குக் கிடைத்த ஈஸ்ட்டை வண்டியில் போடுகிற பழக்கத்தை விட்டு, ஈஸ்ட்டை முதலில் தேர்ந்தெடுத்து மற்றவற்றை அதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

வாழைப்பழ மணத்துக்குக் காரணம் ஐசோஅமைல் அசிடேட் என்னும் எஸ்டர், அதாவது பழமணம் தரும் சேர்ம வகை. உண்மையான வாழைப்பழத்தின் மணத்திலும் இதற்கே முக்கியப் பங்கு என்பதால், பீரில் வரும் வாழைப்பழ மணத்தை வெறும் ஒப்புமை என்று தள்ளிவிட முடியாது, பொருளே அதுதான். கிராம்பின் கதை கொஞ்சம் வேறு. தானியத்தின் செல்சுவர்களில் இருக்கும் ஃபெருலிக் அமிலம், மால்ட்டை ஊறவைக்கும்போது நீரில் இறங்குகிறது. அதை ஈஸ்ட் 4-வினைல் குவையகால் என்னும் பொருளாக மாற்றுகிறது. உண்மைக் கிராம்பின் மணப்பொருளோ யூஜெனால். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, உடன்பிறந்தவை என்றே சொல்லலாம். ஆனால் ஒன்று மற்றொன்று அல்ல. இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படித்திருந்தும் என் நாக்கால் அதைப் பிரித்தறிய முடிந்ததில்லை. பெரியப்பா எதையும் படிக்காமலே ஒரு நிமிடத்தில் பிரித்துச் சொன்னார். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபெருலிக் அமிலத்தை இப்படி மாற்றும் ஆற்றல் எல்லா ஈஸ்ட்டுக்கும் கிடையாது. குளிரில் நொதிக்கும் லாகர் பீரின் ஈஸ்ட்களும், மிதமான வெப்பத்தில் நொதிக்கும் ஏல் பீரின் பெரும்பாலான ஆங்கிலேய, அமெரிக்க ஈஸ்ட்களும் அதற்குரிய மரபணுக்கள் பழுதுபட்டு அந்த ஆற்றலை இழந்தவை. ஏனெனில் பல நூற்றாண்டுகளாகக் காய்ச்சுகிறவர்கள் கிராம்பு மணத்தைக் குறையாகக் கருதி, அது வராத ஈஸ்ட்டையே அடுத்த தொட்டிக்கு எடுத்து வைத்தார்கள். பவேரியக் கோதுமை பீர் ஈஸ்ட்டில் அந்த ஆற்றல் அழியாமல் நின்றது. எனவே நடுநிலையான அமெரிக்க ஏல் ஈஸ்ட்டைக் கொண்டு கோதுமை பீர் காய்ச்சினால் நல்ல பானம் கிடைக்கலாம். நாம் தேடும் இரண்டு மணங்களும் கிடைக்கமாட்டா. ஆப்பத்துக்கும் ரொட்டிக்கும் போடும் ஈஸ்ட்டை இடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். மாவை விரைவாகப் பொங்கவைப்பதற்காகத் தேர்ந்தெடுத்த ஈஸ்ட் அது. பீருக்கு வேண்டாம்.

நான் எடுத்த கலவை எளியது: 60 விழுக்காடு கோதுமை மால்ட், 40 விழுக்காடு பில்ஸ்னர் மால்ட் (வெளிர்நிறப் பார்லி மால்ட்), கசப்புக்குக் கொஞ்சம் ஹாலர்டாவ் ஹாப்ஸ். மால்ட்டை 44 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் ஊறவைத்தேன். ஃபெருலிக் அமிலம் அதிகம் இறங்குவது அந்த வெப்பநிலையில்தான். பிறகு 63 டிகிரியில் 40 நிமிடம், 72 டிகிரியில் 20 நிமிடம். சாற்றின் தொடக்க அடர்த்தி 1.048 (தண்ணீருக்கு 1.000; கரைந்த சர்க்கரை கூடக் கூட இந்த எண் ஏறும், ஈஸ்ட் அதைத் தின்னத் தின்ன இறங்கும்). டிசம்பர் முதல் வாரத்தில், கொதிகலன் இருப்பதால் எந்நேரமும் 19 டிகிரியில் நிற்கும் நிலவறை மூலையில், நான்கு பாத்திரங்களையும் வரிசையாக வைத்தேன். நான்குக்கும் ஒரே சாறு, ஒரே வெப்பம், ஒரே அளவு ஈஸ்ட் என்பதால், கடைசியில் தெரிந்த வேறுபாடுகளை ஈஸ்ட்டின் கணக்கில் எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஈஸ்ட்கள் இவை. முதலாவது, பெர்மென்டிஸ் நிறுவனத்தின் சாஃப்ஏல் டபிள்யூபி-06. இரண்டாவது, லாலமாண்ட் நிறுவனத்தின் லால்ப்ரூ மியூனிக் கிளாசிக். மூன்றாவது, மாங்க்ரோவ் ஜாக்ஸ் எம்20 பவேரியன் வீட். இம்மூன்றும் உலர் ஈஸ்ட். ஒரு பொட்டலம் வீட்டளவில் 20 லிட்டருக்குப் போதுமானது. நான்காவது திரவ ஈஸ்ட்: வையீஸ்ட் 3068 வைஹென்ஸ்டெஃபன் வைட்சன். ஃப்ரைசிங் நகரில் உள்ள வைஹென்ஸ்டெஃபன் ஆய்வு மையத்தின் ஈஸ்ட் சேகரிப்பில் டபிள்யூ-68 என்ற எண்ணுடன் இருக்கும் வகைதான் உலகக் கோதுமை பீர் ஈஸ்ட்களில் மிகவும் பேர்போனது. 3068 அந்த வழியில் வந்ததாகவே காய்ச்சுகிறவர்கள் கொள்கிறார்கள். உலர் பொட்டலத்துக்கு நான் கொடுத்தது 5 யூரோ அளவில். திரவ ஈஸ்ட்டுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

திரவ ஈஸ்ட்டை வாங்குவதில் ஒரு வருத்தத்தையும் பதிவுசெய்ய வேண்டும். சென்ற கோடையில் இணையக் கடை ஒன்றிலிருந்து இதே வகை ஈஸ்ட்டை வரவழைத்தேன். பனிப்பொதி எதுவும் இல்லாமல், வெறும் அட்டைப்பெட்டியில், நான்கு நாள் வெயிலில் பயணம் செய்து, தொட்டால் சுடும் நிலையில் அது வந்து சேர்ந்தது. பைக்குள்ளே சத்து நிரப்பிய சிறு பை ஒன்று இருக்கும்; அதை உள்ளங்கையால் தட்டி உடைத்தால் சில மணி நேரத்தில் வெளிப்பை தலையணைபோல் உப்ப வேண்டும். அது இரண்டு நாளாகியும் உப்பவில்லை. கடைக்கு எழுதினேன், பையில் அச்சிட்ட தேதி இன்னும் கடக்கவில்லை என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது. திரவ ஈஸ்ட்டைப் பொறுத்தவரை தேதி பாதிக் கதைதான். அது எந்தச் சூட்டில் கிடந்தது என்பது மீதிக் கதை. அன்றிலிருந்து குளிர்காலத்தில் மட்டும், நேரில் போய், குளிர்பெட்டியிலிருந்து கடைக்காரர் எடுத்துத் தரும்போது தயாரிப்புத் தேதியைப் படித்துவிட்டே வாங்குகிறேன். உலர் ஈஸ்ட்டுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். தொலைவான ஊரில், வெப்ப நாட்டில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஒன்றே தேர்வை முடித்துவைக்கப் போதுமான காரணம்.

நொதித்தல் தொடங்கிய முதல் இரவிலேயே 3068 தன் குணத்தைக் காட்டியது. காலையில் நிலவறைக்கு இறங்கியபோது, பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு தேங்காய்ப்பூ நிறத்தில் நுரை வழிந்து தரையில் திட்டாகக் கிடந்தது. இந்த ஈஸ்ட்டுக்குப் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக விட வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். நான் விட்டது ஐந்தில் ஒரு பங்கு. தவறு என்னுடையது. மியூனிக் கிளாசிக்கும் உயரமாகவே பொங்கியது, ஆனால் வழியவில்லை. இந்த இரண்டு பாத்திரங்களிலிருந்தும் முதல் மூன்று நாள்கள் அழுகிய முட்டை போன்ற கந்தக வாடை வந்தது. புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் இதைக் கண்டு பீர் கெட்டுவிட்டது என்று கீழே ஊற்றிவிட வேண்டாம். பாட்டிலில் இருக்கும் காலத்தில் அது தானாகவே போய்விடும். என் பாட்டில்களில் அதன் சுவடுகூட மிஞ்சவில்லை. எம்20 மெதுவாகத் தொடங்கி நிதானமாக முடித்தது. டபிள்யூபி-06 பொங்கியது குறைவு. ஆனால் மற்றவை ஓய்ந்த பிறகும் பல நாள் சின்னச் சின்னக் குமிழிகளை விட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் குமிழிகளின் பொருள் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் தெரிந்தது. முடிவு அடர்த்தி டபிள்யூபி-06-இல் 1.007, மியூனிக் கிளாசிக்கில் 1.010, எம்20-இல் 1.011, 3068-இல் 1.012. டபிள்யூபி-06, டயஸ்டாடிகஸ் என்னும் உள்வகையைச் சேர்ந்தது என்று தயாரிப்பாளரே அறிவித்திருக்கிறார். மற்ற ஈஸ்ட்கள் தொடாமல் விட்டுவிடும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் உடைத்துத் தின்னக்கூடியது. பீர் லேசாக, இனிப்பு மிஞ்சாமல், தாகம் தணிக்கும்படி வர வேண்டும் என்று நினைப்பவருக்கு இது வரம். ஆனால் நொதித்தல் முழுவதும் முடிந்ததை உறுதிசெய்யாமல் பாட்டிலில் அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கோதுமை பீருக்கு இயல்பாகவே வாயு மிகுதி. லிட்டருக்கு 7 கிராம் அளவில் சர்க்கரை சேர்த்துத்தான் மூடுகிறோம். காய்ச்சத் தொடங்கிய முதல் ஆண்டில், வேறொரு பீரில், அடர்த்தியை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு அவசரப்பட்டு மூடிய பாட்டில் ஒன்று நள்ளிரவில் வெடித்து, நிலவறைச் சுவரில் கண்ணாடிச் சில்லுகள் பதிந்திருந்ததைக் கண்டேன். அந்த நேரத்தில் யாரும் அங்கே நிற்கவில்லை என்பதே ஆறுதல். எந்த ஈஸ்ட்டானாலும் மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்தால் மட்டுமே மூடுங்கள். தடித்த கோதுமை பீர் பாட்டிலையே பயன்படுத்துங்கள். டபிள்யூபி-06 போன்ற வகைக்கு இன்னும் ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருங்கள்.

விமானத்தில் வரும் ஒருவர் வரியின்றிக் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர். அரை லிட்டர் பாட்டில்கள் நான்கு என்பது அந்தக் கணக்குக்குச் சரியாக அமைந்தது. ஒவ்வொன்றையும் ஒரு சாரத்தில் (லுங்கியில்) சுற்றிப் பெட்டியின் நடுவில் வைத்து, திருவனந்தபுரத்தில் இறங்கி, ஜனவரிக் கடைசியில் வீடு சேர்ந்தேன். இரண்டு நாள் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வைத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அத்தானையும் அக்காளையும் வரச்சொன்னோம். வடசேரிச் சந்தையிலிருந்து காலையில் வாங்கிவந்த மட்டிச் சீப்பு ஒன்றையும், பெரியப்பா தகர டப்பாவில் போட்டுவைத்திருந்த கிராம்பையும் மேசைமேல் வைத்தேன். எந்தத் தம்ளரில் எது என்று எங்களுக்குத் தெரியாதபடி, மைனி (அண்ணி) அடுக்களையில் வைத்தே நான்கையும் ஊற்றி, அடியில் எண் எழுதிய தாளை ஒட்டிக் கொண்டுவந்தார். அவர் குடிப்பதில்லை, மணத்தை மட்டும் பார்ப்பதாகச் சொன்னார். கடைசியில் பார்த்தால், எங்களில் மிகத் துல்லியமாகச் சொன்னவர் அவர்தான்.

முதல் தம்ளரில் மணம் மெலிதாக எழுந்தது. கிராம்பு முன்னே நின்றது, அதன் பின்னே மிளகின் சாயல், வாழைப்பழம் தேடினால்தான் கிடைக்கும் அளவில். வாயில் மிக இலகுவாக ஓடி, நாக்கை உலரவிட்டுப் போனது. பெரியப்பா தம்ளரை மூக்கருகே பிடித்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு டப்பாவைத் திறந்து, கிராம்பு ஒன்றை எடுத்து, தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, காம்பை மட்டும் நகத்தால் நசுக்கி எங்கள் முன் நீட்டினார். “மக்களே, இதுல இருக்கப்பட்டது மொட்டு மணம் இல்ல, கேட்டியா. இது காம்பு மணம்.” நானும் முகர்ந்து பார்த்தேன். மொட்டில் இருக்கும் இனிப்பும் காரமும் காம்பில் இல்லை. மரமும் லேசான புகையும் கலந்த, ஒரு படி கீழே இறங்கிய கிராம்பு. 4-வினைல் குவையகாலுக்கும் யூஜெனாலுக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை. இந்தத் தம்ளர் டபிள்யூபி-06. கிராம்பை முதன்மையாகவும் பழத்தைப் பின்னணியாகவும் விரும்புகிறவர்களுக்கும், ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் சேர்த்து பெல்ஜிய முறையில் காய்ச்சுகிறவர்களுக்கும் இதை மனதாரப் பரிந்துரைப்பேன். பவேரியப் பாணியை எதிர்பார்ப்பவர்களுக்கு இது முதல் தேர்வாகாது.

இரண்டாம் தம்ளரை மைனி கொண்டுவரும்போதே அத்தான் தலையைத் திருப்பினார். மணம் அவ்வளவு திறந்திருந்தது. பழுத்து, தோலில் கரும்புள்ளி விழத் தொடங்கிய வாழைப்பழம். அதன் அடியில் கிராம்பு. இன்னும் அடியில் புதிய ரொட்டியின் வாசனை. “செந்துளுவன் இல்ல, ஏத்தன் இல்ல. மட்டிதான், ஆனா ஒரு நாள் கூடப் பழுத்துப்போச்சு” என்றார் அத்தான். அவர் சொன்னதைச் சோதிக்க, சீப்பில் நன்கு கனிந்த பழம் ஒன்றை உரித்து அருகில் வைத்தோம். தோலிலிருந்து வரும் மணமும் தம்ளரின் மணமும் ஒன்றோடொன்று இணைந்துபோயின. சதையைக் கடித்தபோது மட்டும் மட்டிக்கே உரிய தேன் சுவை தனியே நின்றது. இது மியூனிக் கிளாசிக். மியூனிக் அருகிலுள்ள டோமன்ஸ் நிறுவனத்தின் ஈஸ்ட் சேகரிப்பிலிருந்து எடுத்த வகை இது. உலர் ஈஸ்ட்டால் முழுமையான பவேரிய மணத்தைத் தர முடியாது என்று பல காலம் சொல்லப்பட்டு வந்தது. நானும் அதை நம்பியிருந்தேன். இந்தப் பொட்டலத்தைப் பயன்படுத்திய பின் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

மூன்றாம் தம்ளர் எம்20. மணத்தில் வாழைப்பழமும் கிராம்பும் ஏறக்குறைய சமமாக, இரண்டுமே அடக்கமாக இருந்தன. அவற்றோடு வனிலாவின் இனிமை ஒன்றும் சேர்ந்திருந்தது. இதன் சிறப்பு வாயில் தெரிகிறது: பட்டுப்போல வழுவழுப்பான, நிறைவான பருமன். கோதுமை பீர் குடித்துப் பழகாதவரான அக்காளுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. தயாரிப்பாளர் இதற்கு 30 டிகிரி வரை இடம் கொடுக்கிறார் என்பதால், அறையைக் குளிர்விக்க வசதி இல்லாத வெப்ப நாட்டு வாசகர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான்காம் தம்ளரைப் பற்றிச் சற்று அதிகமாகவே எழுத விரும்புகிறேன். நுரை விரலளவு உயரத்தில், மெழுகுபோல் இறுகி, தம்ளரின் விளிம்பைத் தாண்டியும் வழியாமல் நின்றது. முகர்ந்தவுடன் வாழைப்பழம். ஒரு மூச்சு விட்டு மறுபடி முகர்ந்தால் கிராம்பு. மூன்றாம் முறை முகர்ந்தால் எது முன்னே, எது பின்னே என்று சொல்ல முடியாதபடி இரண்டும் கலந்து புதிதாக ஒன்று. மற்ற மூன்றிலும் இரண்டு மணங்களையும் தனித்தனியே சுட்டிக்காட்ட முடிந்தது, இதில் முடியவில்லை. மைனி இதை இருமுறை வாங்கி முகர்ந்துவிட்டு, “மட்டிப்பழத்துல கெராம்பக் குத்தி, மூடி வச்சுத் திறந்த மாதிரி இருக்கு” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். ஆனால் அவரே எழுந்து ஒரு மட்டியை உரித்து, இரண்டு கிராம்பைக் குத்தி, சம்படத்தில் போட்டு மூடி, கால் மணி நேரம் கழித்துத் திறந்து எங்கள் முன் நீட்டினார். உள்ளேயிருந்து வந்த மணம் கிட்டத்தட்ட அந்தத் தம்ளரின் மணமே. இது 3068. விலை அதிகம், பாதுகாத்து வைப்பது கடினம், நுரை பொங்கி நிலவறைத் தரையைக் கழுவவைக்கும். இவ்வளவுக்குப் பிறகும், நல்ல நிலையில் கிடைத்தால் என் முதல் தேர்வு இதுதான். அது கிடைக்காத நாள்களுக்கு மியூனிக் கிளாசிக்.

ஆனால் ஒரு பொட்டலத்தை வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 3068-ஐ அளவுக்கு மேல் இட்டால் வாழைப்பழ மணம் அநேகமாக முழுவதுமே போய்விடும் என்று தயாரிப்பாளர் எச்சரிக்கிறார். மற்ற பீர்களில் ஈஸ்ட் குறைந்துவிடுமோ என்று பயந்து ஒன்றுக்கு இரண்டாக இடும் கை, இங்கே அடங்கி இருக்க வேண்டும். நான் 5 லிட்டர் பங்கு ஒவ்வொன்றுக்கும் உலர் ஈஸ்ட்டில் 3 கிராம் மட்டுமே எடையிட்டுப் போட்டேன்; திரவ ஈஸ்ட்டிலும் பையில் கால் பங்குக்கு மேல் இடவில்லை. வெப்பநிலையும் அப்படியே. 17, 18 டிகிரியில் நொதிக்கவிட்டால் கிராம்பு மேலெழும்பும். 22-ஐத் தாண்டினால் வாழைப்பழம் மிகும். இன்னும் ஏறினால் மண்டையைப் பிடிக்கும் கனமான மதுவகைகளும் கூடவே வந்துவிடும். உயரமான, குறுகலான, இறுக மூடிய பாத்திரத்தில் வாயு அழுத்தம் கூடி எஸ்டர் குறையும். பவேரியாவின் சில பழைய ஆலைகள் இன்றும் அகலமான திறந்த தொட்டிகளில் நொதிக்கவிடுவதற்கு இது ஒரு காரணம். வீட்டில் தொட்டியைத் திறந்துவைக்க நான் துணியமாட்டேன். அகலமான வாய் கொண்ட வாளியில் மூடியைத் தளர்வாக வைப்பதே போதும்.

44 டிகிரியில் ஊறவைப்பதைப் பலர் நேரம் வீணென்று விட்டுவிடுகிறார்கள். இந்த முறைக்கு முன்பு ஒருதடவை அதை விட்டுவிட்டு, அதே மியூனிக் கிளாசிக்கைக் கொண்டு காய்ச்சியிருந்தேன். வாழைப்பழம் மட்டும் தனியாக நின்று, மிட்டாய்க்கடை வாசனையாக முடிந்தது. ஈஸ்ட் எதையும் வெறுமனே உண்டாக்குவதில்லை. நாம் சாற்றில் இறக்கிக் கொடுத்ததைத்தான் அது மாற்றித் தருகிறது. கிராம்பு வேண்டுமென்றால் அதற்கு வேண்டிய அமிலத்தை அந்தக் கால் மணி நேரத்தில் நாம் கொடுத்தாக வேண்டும்.

ஊற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எவ்வளவு நல்ல ஈஸ்ட்டானாலும் பாட்டிலின் அடியிலேயே விட்டுவிட்டால் பயனில்லை. முக்கால் பங்கை மெல்ல ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பாட்டிலோடு வட்டமாகச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலக்கி, நுரையின் மேல் ஊற்ற வேண்டும். கலங்கல்தான் இந்த பீரின் இயல்பு. மைனிக்கு இதை முன்பே சொல்லியிருந்ததால் நான்கு தம்ளரும் ஒரே கலங்கலோடு வந்தன.

சுவைத்து முடித்தபின், பேச்சு இயல்பாகப் பனைக்குத் திரும்பியது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட்டை எப்படித் தடுப்பது என்று நம் ஊர்ப் பனையேறிகள் எவ்வளவோ தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள் என்றார் பெரியப்பா. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை வந்த 1987-க்கு முன்பு தாம் குடித்த பனங்கள்ளில் வாழைப்பழ மணமோ கிராம்பு மணமோ இருந்ததில்லை, புளிப்பும் பனையின் மணமும்தான் இருந்தன என்றும் சொன்னார். அங்கே பானத்தின் குணத்தைத் தீர்மானித்தது தானாக வந்து விழுந்த ஈஸ்ட்களும் பாக்டீரியாக்களும் சேர்ந்த கூட்டம். இங்கே நாமே பெயர் பார்த்து, தேதி பார்த்து, எடையிட்டுப் போட்ட ஒரே ஈஸ்ட்.

இரண்டாம் முறை ஊற்றிக்கொள்ள மீதியிருந்தது கொஞ்சம்தான். அத்தான் மியூனிக் கிளாசிக்கையும், அக்காள் எம்20-ஐயும் எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா 3068-ஐத்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் டபிள்யூபி-06-ஐக் காட்டி, காம்பு மணமானாலும் அது தம் மலையின் மணம் என்று சொல்லி அதை ஊற்றச்சொன்னார். 3068-இல் மீந்த அரைத் தம்ளர் எனக்கு வந்தது. மார்ச்சில் திரும்பிப் போனதும், அதே ஈஸ்ட்டை, அதே கலவையில், 17 டிகிரியில் ஒரு பங்கும் 21 டிகிரியில் ஒரு பங்கும் காய்ச்சப்போகிறேன். அடுத்த விடுப்புக்கு அந்த இரண்டிலும் இரண்டிரண்டு பாட்டில்கள் வரும்.